முனியாண்டிக்கு வந்த கழுத்துவலி

மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால், மிளகும் சுக்கும் அடைத்த குடோன்களின் முதுகைப் பார்த்தபடி ஒரு சந்து இருக்கிறது. ஆட்டோ நுழையாது. அந்தச் சந்தில் முதன்முதலாக போன் வந்தது காளியம்மையின் வீட்டுக்கு. கார்ப்பரேஷனில் துப்புரவு மேஸ்திரியாக இருந்த அவள் புருஷன் முனியாண்டி எழுதிப்போட்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்த பிறகு, தொண்ணூற்று நாலில் ஒருவழியாக டெலிபோன்காரர்கள் கறுப்புக் கம்பியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அன்று சந்தே திரண்டு வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. அன்றோடு ஒழிந்தது காளியம்மையின் நிம்மதி.

அந்தக் காலத்தில் பி.பி. நம்பர் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. சொந்த போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரை எழுதி, அதன் வாலில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தானே எழுதுவார்கள் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் அந்த மாதிரி சந்தில் குடியிருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் காளியம்மை நம்பர். வேலைக்கு மனுப் போட்டால் காளியம்மை நம்பர். தவணையில் மிக்சி வாங்கினால் அதற்கும் அவள் நம்பர். போன் அடித்தால், அடுப்பில் மீன்குழம்பு தீய்ந்தாலும் சரி, அவள் எடுத்துப் பேசி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்து அதிரக் கூப்பிடுவாள். "ஏட்டி சுனிதா! போனு! ஓடியா, அவங்களுக்குக் காசு ஏறுது!"

திட்டுவாள். வாய் ஓயாமல் திட்டுவாள். "நான் என்ன டெலிபோன் ஆபீஸா வச்சிருக்கேன்?" என்பாள். ஆனால் வந்த போனை உரிய ஆளிடம் கொடுக்காமல் விட்டதாக ஒருவர் சொல்ல முடியாது. யாருக்குக் கல்யாணம் முறிந்தது, யார் மகன் திருப்பூரில் யாரோடு ஓடினான் எல்லாம் அவள் காதில்தான் முதலில் விழும். காதில் விழுந்தது வாய்வழி வெளியே வராது. மூலைவீட்டு மஞ்சுஷாவின் காதலன் பெண்குரலில் பேசி அவளைக் கேட்பான். காளியம்மைக்குத் தெரியாதா என்ன? கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, முனியாண்டி காதில் விழாமலிருக்க மிக்சியை ஓடவிடுவாள். அந்த போனைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அது நியாயமான கர்வம்தான்.

எதிர்வீடு ஹாஜராவுடையது. அவர்களும் தமிழ் பேசுகிற ஆட்கள்தான், பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். புருஷன் அப்துல் ஜலீல் ஷார்ஜாவில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கூப்பிடுவார். அதற்கு முன்னாலேயே ஹாஜரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுக்களை வாசல் வழியாக வந்து போன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். வெள்ளி மத்தியானம் அடிக்கிற மணி அவளுக்குத்தான் என்பதால் அவளே எடுத்துக்கொள்வது வழக்கம். காளியம்மை உள்ளே சாயா போட்டுக்கொண்டிருப்பாள். பேசி முடித்து ஹாஜரா கொஞ்சம் அழுவாள், பிறகு இருவரும் சேர்ந்து யாரையாவது திட்டுவார்கள்.

ஹாஜராவின் மகன் சஜ்ஜாத் ஜூ டவுனில் பழம்பொருள் விற்கிற ஒரு கடைக்கு ஓம்னி வேன் ஓட்டினான். வெள்ளைக்காரர்களையும் அவர்கள் வாங்கிய மரச்சாமான்களையும் ஏற்றிப்போவான். வாப்பாவுக்கு வயதாகிறது, இனி அவரை வரச்சொல்லிவிட்டு இவன் போக வேண்டும் என்பது வீட்டுத் திட்டம். ஷார்ஜாவில் டிரைவர் வேலைக்கு விசா சொல்லி வைத்தாகிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு, போலீஸ்காரர் விசாரிக்க வருவதுதான் பாக்கி. ஸ்டேஷனில் பெயரில் ஒரு கேஸ் இருந்தால் போதும், பாஸ்போர்ட் கனவு அங்கேயே படுத்துவிடும். சந்தில் இது எல்லாருக்கும் தெரியும். முனியாண்டிக்கும் தெரியும். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து மூன்றில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சஜ்ஜாத் கடை வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தான். முனியாண்டி மீன் பையோடு குறுக்கே வந்தார். ரிட்டயராகி இரண்டு வருஷம். பராக்குப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். வண்டி லேசாகத் தட்டியது. கீழே உட்கார்ந்துவிட்டார். முழங்கை சிராய்த்தது, மத்தி மீன் ரோட்டில் சிதறியது. அவ்வளவுதான் சேதம்.

சஜ்ஜாத் வெலவெலத்துப் போனான். "மாமா, மாமா" என்று தூக்கி அதே ஓம்னியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மருந்து வைத்துக் கட்டி, ஊசி போட்டு அனுப்பினார்கள். வண்டி தட்டியது என்று சொன்னதால் பேரும் விலாசமும் போன் நம்பரும் எழுதிக்கொண்டார்கள், கொண்டுவந்தவன் பேரையும் சேர்த்து. வரும்போது சஜ்ஜாத் புது மத்தி வாங்கிக் கொடுத்தான். ஹாஜரா கோழி சூப்பு கொண்டுவந்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று காளியம்மை நினைத்தாள்.

மறுநாள் காலையில் போன் அடித்தது.

"முனியாண்டி சாரோட வீடுதானே? சேச்சி, நான் அபிலாஷ், வைட்டிலாவில வக்கீலாபீஸ்ல இருந்து. சாருக்கு இப்ப எப்படி இருக்கு?"

சார்! முப்பது வருஷம் ஓடை வாரின மனுஷனை யாரும் சார் என்று கூப்பிட்டு காளியம்மை கேட்டதில்லை. "நல்லா இருக்காரு. நீங்க யாரு, ஆஸ்பத்திரியா?" என்றாள்.

"ஆஸ்பத்திரி இல்ல சேச்சி. ஆக்சிடென்ட் ஆனவங்களுக்கு உதவி செய்யற ஆளுங்க. எலும்பு ஏதாவது ஒடிஞ்சிருக்கா?"

"இல்ல."

"ஒரு விரல்கூட?"

அந்தக் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது பாருங்கள், அதைக் கேட்டதும் காளியம்மைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவன் பிணம் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து முகம் சுளித்த மாதிரி இருந்தது.

"விரல் ஒடியணும்னு உனக்கு என்னடா ஆசை?" என்றாள்.

அவன் கோபப்படவில்லை. அந்த ஜாதி ஆட்களுக்குக் கோபமே வராது. சிரித்தபடி விளக்கினான். எலும்பு ஒடிந்தால் எக்ஸ்ரேயில் தெரியுமாம், கழுத்துவலி தெரியாதாம். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, ராத்திரி தூக்கமில்லை என்று சொன்னால் போதுமாம். சர்டிபிகேட் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். கழுத்துக்குப் பட்டைகூட அவர்களே தருவார்களாம். பணம் தருவது இன்சூரன்ஸ் கம்பெனி, யாருக்கும் நஷ்டமில்லை, டிரைவருக்குச் சும்மா பேருக்கு ஒரு கேஸ், அவ்வளவுதானாம்.

"பேருக்கு ஒரு கேஸா? தூ! வை போனை" என்று அறைந்து வைத்தாள்.

மறுபடி அடித்தது. அன்று சாயங்காலம் அடித்தது. மறுநாள் அடித்தது. சில நாள் அபிலாஷ், சில நாள் தேன் வடிகிற குரலில் ஒரு பெண். "அம்மா, அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வருதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். பெற்ற மகள்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டாள். எடுக்காமல் விடவும் வழியில்லை. அடிப்பது சந்தில் யாருக்கு வந்த போனோ, யார் கண்டது? எடுத்தால் அந்த இழவுக் குரல். சுனிதாவுக்கு வேலை விஷயமாக வரவேண்டிய போன் இவர்கள் பேசிக்கொண்டிருந்ததால் வராமல் போனது. இதற்கெல்லாம் உச்சமாக ஒருநாள் அபிலாஷ் ஒரு யோசனை சொன்னான்.

"சேச்சி, உங்க போன்தானே அந்த ஏரியாவுக்கே பி.பி.? யாராவது விழுந்தா, அடிபட்டா, மொதல்ல உங்களுக்குத்தான் தெரியும். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா உங்க பங்கு உங்களுக்கு வந்துரும்."

காளியம்மை அன்று போனை ஒரு ஈரத்துணியால் துடைத்தாள். பேசுகிற பக்கம், கேட்கிற பக்கம் இரண்டையும் அழுத்தித் துடைத்தாள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். அப்படியும் சோறு இறங்கவில்லை.

"எவன் வீட்ல கால் ஒடியும்னு நாக்கைத் தொங்கப்போட்டு அலையுதானுக. இவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்ல?" என்று முனியாண்டியிடம் பொருமினாள்.

"ஆமாமா, கெட்ட காலம்" என்றார் முனியாண்டி, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

பிறகு திடீரென்று போன்கள் நின்றுவிட்டன. தன்னுடைய வாய்க்குப் பயந்து ஓடிவிட்டான்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஹாஜராவிடம்கூட நடந்ததைச் சொல்லவில்லை. கேட்டால் பதறுவாள், வீணாக எதற்கு?

அதற்கடுத்து வந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஹாஜரா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முனியாண்டி வெளியே போயிருந்தார். காளியம்மை அடுக்களையில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, ஹாஜரா எடுத்தாள். "அஸ்ஸலாமு" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு சத்தமே இல்லை. இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு காளியம்மை வந்தபோது, ஹாஜரா காதில் போனை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. சரிதான்" என்றாள் ஹாஜரா போனில். மெதுவாகக் கீழே வைத்தாள்.

"யாரு? ஜலீல் அண்ணன் இல்லியா? என்னட்டி ஆச்சு?"

ஹாஜரா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "யாரோ அபிலாஷாம். என்னைய நீங்கன்னு நெனச்சுட்டான். சேச்சிக்கும் இப்ப சம்மதம்னு அண்ணன் சொல்லிட்டாராம். நாளைக்குக் காலைல அண்ணன் ஸ்டேஷன்ல மொழி குடுக்கணுமாம், போலீஸ் எழுதிக்கிடுமாம். கழுத்துப் பட்டைய மறக்காமப் போட்டுக்கிட்டு வரணுமாம். பேப்பர்ல அண்ணன் கையெழுத்துப் போட்டதெல்லாம் சரியா இருக்காம். டிரைவர் பேரு மட்டும் ஒருதரம் சரிபார்க்கணும்னான். சஜ்ஜாத், வாப்பா பேரு அப்துல் ஜலீல், சரிதானேன்னு கேட்டான். சரிதான்னு சொல்லிட்டேன்க்கா."

பெற்ற தாயிடமே கேட்டு மகன் பேரை உறுதிசெய்துகொண்டான் பாவி.

காளியம்மை இரண்டு டம்ளரையும் கீழே வைத்தாள். "ஹாஜரா, சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி. என் கண்ணாணை."

ஹாஜரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "இந்த போன்ல வந்து உங்களுக்குத் தெரியாம ஒண்ணு இருக்குமாக்கா?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து, வந்த அடுக்களை வாசலை விட்டு, முன்வாசல் வழியாகப் போனாள். சற்று நேரத்தில் ஷார்ஜாவிலிருந்து மணி அடித்தது. காளியம்மை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை.

கழுத்துப் பட்டை டிரங்குப் பெட்டியில், முனியாண்டியின் பழைய காக்கிச் சட்டைக்கு அடியில் இருந்தது. புத்தம் புதியது, வெள்ளை ஸ்பாஞ்சு. மருந்துக்கடை வாசம் அடித்தது. அவர் வந்ததும் அதை அவர் முன்னால் வீசினாள்.

"என்ன இது?"

முனியாண்டி முதலில் முழித்தார். பிறகு தெரியாத மாதிரி நடித்தார். பிறகு ஒத்துக்கொண்டார். அவள் ரேஷன் கடைக்குப் போன ஒரு நாள் போன் வந்ததாம். அதற்கப்புறம் அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அவரேதான் கூப்பிட்டுப் பேசுவாராம். தன் வீட்டு போனில், தன் புருஷன், தனக்குத் தெரியாமல்! மஞ்சுஷாவுக்காக மிக்சியை ஓடவிட்டவளுக்கு இது தேவைதான்.

"கம்பெனிக்காரன் குடுக்கான். சஜ்ஜாதுக்கு என்ன நட்டம்? கைக்காசா போவுது?" என்றார்.

"அவன் பாஸ்போர்ட்டு?"

முனியாண்டி குனிந்து பட்டையை எடுத்து மடித்தார்.

"தெரிஞ்சுதானே செஞ்சீரு? அந்தப் புள்ள ஒம்மத் தூக்கிட்டு ஓடினானே, அந்தக் கைய முறிக்கணும்னு எப்பிடியா மனசு வந்துச்சு?"

அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "ஏட்டி, முப்பது வருசம் சாக்கடைக்குள்ள எறங்கினேன். முதுகு வலிச்சுது, காலு வலிச்சுது, நெஞ்சு எரிஞ்சுது. எவனாவது கேட்டானா? நீ கேட்டியா ஒருநாளு? அவன் தெனமும் கேக்கான். சார், எங்க வலிக்குது, எவ்வளவு வலிக்குதுன்னு. கேக்கக் கேக்க நெசமாவே வலிக்கிற மாதிரி இருந்துச்சு."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவள் கேட்டதில்லைதான். ஆனால் இந்த மனுஷனின் உண்மையான வலியைக் கூட ஒருத்தன் மோப்பம் பிடித்து, எடுத்து, தனக்கு வேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டானே!

"வலிச்சா எங்கிட்ட சொல்லியிருக்கணும். சாக்கடைய வாரும்போது இல்லாத நாத்தம் இப்ப ஒம்ம மேல அடிக்குது. நாளைக்கு நீரு போவும். மொழி குடும். நானும் பின்னாலேயே வருவேன். இவருக்குக் கழுத்துல ஒண்ணுமில்ல, கையெழுத்து வாங்கினது இன்ன ஆளுன்னு நானும் மொழி குடுப்பேன். கட்டின பொண்டாட்டி சொன்னா போலீஸ்காரன் கேப்பானா மாட்டானா பாத்துருவோம்."

காலையில் அபிலாஷ் சந்து முனையில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். எப்படிப்பட்ட ராட்சசனோ என்று எதிர்பார்த்திருந்தாள். மீசை சரியாக முளைக்காத பையன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் சந்தனக்கீற்று. நம் வீட்டுக் கல்யாணத்தில் பரிமாறுகிற பிள்ளை மாதிரி இருந்தான். அது அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"சேச்சி, சார் ரெடியா?"

"சார் வரமாட்டாரு. அவரு கையெழுத்துப் போட்ட பேப்பரைக் குடு."

"எதுக்கு சேச்சி டென்ஷன்? ஒருதரம் யோசிங்க..."

"யோசிச்சாச்சு. குடுக்கலேன்னா இந்தப் பட்டைய என் கழுத்துல மாட்டிக்கிட்டு உன் பைக்லேயே ஸ்டேஷனுக்கு வாரேன். எறங்கினதும் வாயத் தொறப்பேன். நான் வாயத் தொறந்தா எப்பிடி இருக்கும்னு இந்தச் சந்துல கேட்டுப்பாரு."

அதற்குள் ஜன்னல்கள் திறந்துகொண்டன. சுனிதா வந்து நின்றாள். மஞ்சுஷா இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். அபிலாஷ் சுற்றிலும் பார்த்தான். பையிலிருந்து காகிதங்களை எடுத்து, கொஞ்சம் வருத்தமாகச் சிரித்தபடி நீட்டினான். காளியம்மை அங்கேயே நாலாகக் கிழித்தாள். பட்டையை அவன் காலடியில் எறிந்தாள். அவன் அதைக் குனிந்து எடுத்துத் தூசியைத் தட்டி அதே பையில் வைத்துக்கொண்டான். அடுத்த கழுத்துக்கு வேண்டுமே! பைக்கில் ஏறுவதற்கு முன்பே செல்லை எடுத்துக் காதில் வைத்துவிட்டான்.

"ஹலோ, சாருக்கு இப்ப எப்படி இருக்கு?"

சீ என்று காளியம்மை அவன் போன திக்கில் காறித் துப்பினாள்.

எதிர்வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஜரா கேட்டுக்கொண்டாள். "நல்லதுக்கா" என்றாள். முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வெளியாட்களுக்கு எடுக்கிற பீங்கான் கோப்பையில் சாயா கொடுத்தாள். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் காளியம்மை அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சில்வர் டம்ளரில்தான் குடித்திருக்கிறாள். கோப்பையைத் தூக்கிக் குடிக்க அவளுக்குப் பாடாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஹாஜரா வீட்டில் ஒரு செல்போன் வந்துவிட்டது.

போலீஸ்காரர் விசாரிக்க வந்தார், குறையொன்றும் சொல்லாமல் போனார். பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. புறப்படுகிற அன்று சஜ்ஜாத் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு வீடாக ஏறிப் பயணம் சொல்லிக்கொண்டு வந்தான். இந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவான் என்று காளியம்மை கதவுக்குப் பின்னால் நின்றாள். முனியாண்டி பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சஜ்ஜாத் ஏறி வந்தான். புதுச்சட்டை. பின்னால் ஹாஜரா, படியில் நின்றுகொண்டாள்.

"மாமி, போயிட்டு வாரேன்" என்றான். காளியம்மை அவன் தலையைத் தடவினாள். அவன் முனியாண்டியின் பக்கம் போய்க் குனிந்து அவருடைய கையைப் பிடித்தான்.

"மாமா, நீங்க எம்மேல கோவப்படக்கூடாது. கழுத்து ரொம்ப வலிச்சுதுன்னு வண்டி ஸ்டாண்டுல பசங்க பறஞ்சாங்க. உம்மாகிட்ட கேட்டா, அந்த வலியெல்லாம் மாறிப்போச்சு, போய்க் கேக்காதேன்னாங்க. நான்தான் பாத்து எடுத்திருக்கணும். எனக்கு உறக்கமே இல்ல மாமா. அங்க நல்ல தைலம் கெடைக்கும். மொதல் வரவுல உங்க கழுத்துக்குக் கொண்டுவாரேன்."

காளியம்மை ஹாஜராவைப் பார்த்தாள். ஹாஜரா தரையைப் பார்த்தாள். மகனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவன் மனதில் மாமா மாமாவாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

சொல்லிவிடும், எனக்குக் கழுத்தில் ஒன்றுமே இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடும் என்று காளியம்மை புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முனியாண்டியின் வாய் திறந்தது, மூடியது. கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

"பரவால்ல மக்கா. வலி இப்ப கொஞ்சம் கொறவுண்டு" என்றார். அவருடைய கை தானாக மேலே போய்க் கழுத்தைத் தடவிக்கொண்டது.